காமன் கூத்து இரவுப் பதிவுகளைத் தொகுக்க ஒரு புதிய கணினி: எதை வாங்குவது, எதை விடுவது?

தப்பொலி, ஹட்டன் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். திருமணம், சடங்கு, கோயில் திருவிழா ஆகியவற்றைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். அதற்கு அப்பால், கடந்த மூன்று ஆண்டுகளாக மாசி மாதத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நடைபெறும், மதனைச் சிவன் எரித்த கதையை ஆடும் காமன் கூத்தை இரண்டு கமராக்களால் விடிய விடியப் பதிவுசெய்து வருகிறேன். ரதி, மதன் வேடம் கட்டுகிறவர்களும் தப்பு என்ற பறையை அடிக்கிறவர்களும் வயதாகி வருகிறார்கள். பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்தப் பதிவுகளை ஒழுங்காகத் தொகுத்து ஊர் மக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

இப்போது என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் கொண்ட ஒரு பழைய மடிக்கணினி. அதில் 4கே காட்சியை ஓடவிட்டால் தப்பின் ஓசை தொடர்ந்து கேட்கும். அடிப்பவரின் கை மட்டும் உயர்த்திய இடத்திலேயே நிற்கும். பின்பு நான்கைந்து நொடிகள் கழித்துப் படம் ஒரேயடியாகத் தாவும். அடியும் ஓசையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க முடியாமல் கூத்தை எப்படித் தொகுப்பது?

நகரத்துக் கடை ஒன்றில் விலைப்பட்டியல் கேட்டேன். அவர்கள் எழுதித் தந்தது இது: இன்டெல் கோர் ஐ7-14700எஃப் செயலி, 16 ஜிபி ரேம் ஒற்றைத் துண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் அட்டை (8 ஜிபி), 1 டெராபைட் எஸ்எஸ்டி, நீர்க்குளிரூட்டி, வண்ண விளக்குகளுடன் கூடிய கேசிங், அதனுடனேயே வரும் பவர் சப்ளை. யூபிஎஸ் பட்டியலில் இல்லை. என்னால் செலவிடக் கூடியது எல்லாமாகச் சேர்த்து ஆறு இலட்சம் ரூபா; அதில் பாதி சீட்டுப் பணம் என்பதால் இரண்டாம் முறை வாங்க வழியில்லை. முதன்மைக் கமரா சோனி ஏ7 IV. தொகுப்பதற்கு டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துகிறேன். இந்தப் பட்டியல் சரியா?

தொகுப்பறை, கண்டி

தம்பி, விலைப்பட்டியலை அப்படியே ஏற்றுவிட வேண்டாம். அது விளையாட்டுக்காகக் கணினி வாங்க வருகிறவர்களுக்கு எழுதப்படும் பட்டியல். நான் பதினைந்து ஆண்டுகளாகத் திருமணப் படங்களைத் தொகுத்து வருகிறேன். இத்தகைய பட்டியலை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் செயலி. இன்டெல் பெயர்களின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், உள்ளமைந்த கிராபிக்ஸ் பகுதி அந்தச் செயலியில் இயங்காது என்று பொருள். விளையாடுகிறவருக்கு அதனால் இழப்பில்லை. காணொளி தொகுப்பவருக்கு இழப்பு பெரிது, ஏனென்றால் சுருக்கப்பட்ட காணொளியை விரித்துக் காட்டும் குவிக் சிங்க் என்ற தனிச் சுற்று அந்த உள்ளமைந்த பகுதியில்தான் இருக்கிறது. எஃப் இல்லாத 14700 செயலியில் யூஎச்டி 770 என்ற கிராபிக்ஸ் பகுதி உண்டு. அதில் இத்தகைய காணொளி இயந்திரங்கள் இரண்டு இருக்கின்றன. ஐ5-12400 போன்ற சிறிய செயலிகளில் வரும் யூஎச்டி 730 பகுதியில் ஒன்றுதான். விலை வேறுபாடு சிறிது. எஃப் இல்லாததையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ரேம். ஒற்றைத் துண்டாகப் போட்டால் நினைவகத்தின் இரண்டு வழிகளில் ஒன்று வெறுமையாகக் கிடக்கும். எவ்வளவு போட்டாலும் இரண்டு துண்டுகளாகப் போடுங்கள். 16 ஜிபி உங்கள் வேலைக்குப் போதாது. நீர்க்குளிரூட்டி உங்களுக்குத் தேவையே இல்லை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கொழும்பில் வெயிலோடு போராடும் கணினிக்கு வேண்டியது உங்கள் வீட்டில் வேண்டாம். நல்ல காற்றுக் குளிரூட்டி ஒன்று போதும். மிஞ்சும் பணத்தை எஸ்எஸ்டியில் போடலாம்.

பட்டறை, நுவரெலியா

கண்டி அண்ணன் சொன்னவற்றில் பெரும்பாலானவை சரியே. ஆனால் குவிக் சிங்க் பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம் அவசியம். கணினிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

குவிக் சிங்க் எல்லாக் காணொளிகளையும் விரிப்பதில்லை. எச்.265 என்ற சுருக்கும் முறையில் எழுதிய கோப்பு 10 பிட், 4:2:2 வண்ணத்தில் (வண்ண விவரம் கூடுதலாகச் சேமிக்கப்படும் வகை) இருந்தாலும் இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் அது வன்பொருளிலேயே விரிக்கப்படும். எச்.264 வகைக் கோப்பு 10 பிட், 4:2:2 ஆக இருந்தால் அந்தச் சுற்றினால் பயனில்லை. முழுப் பாரமும் செயலியின் கருக்களின் (கோர்) மேல் விழும். இரண்டு கோப்புகளின் பெயரும் ஒரே மாதிரி எம்பி4 என்றே முடிவதால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

சோனி ஏ7 IV இரண்டு வகையிலும் பதிவுசெய்யும். எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265. ஆகவே தப்பொலி, நீங்கள் வேறு எதையும் தீர்மானிப்பதற்கு முன்பு மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, உங்கள் கூத்துக் கோப்பு ஒன்றை அதில் திறந்து, வகை, வண்ண விகிதம், பிட் ஆழம், பிட் வீதம் ஆகிய நான்கையும் இங்கே எழுதுங்கள். எந்தக் கமராவின் எந்தக் கோப்பு என்று தெரியாமல் கணினியைத் தெரிவுசெய்வது, கால் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்குவதைப் போன்றது.

தப்பொலி, ஹட்டன்

நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். சோனி கமராவின் கோப்பு: ஏவிசி, 4:2:2, 10 பிட், நொடிக்கு 25 சட்டகங்கள் (ஃபிரேம்), நொடிக்கு ஏறத்தாழ 140 மெகாபிட். ஏவிசி என்பது எச்.264 தானா? இரண்டாவது கமரா பழையது. அதில் 4:2:0, 8 பிட், 100 மெகாபிட் என்று காட்டுகிறது. மூன்று ஆண்டுப் பதிவுகளும் இவ்வாறே இருக்கின்றன. தீப்பந்த வெளிச்சத்தில் வண்ணத்தைத் திருத்த இடம் வேண்டும் என்பதற்காகவே 10 பிட் தெரிவுசெய்தேன். அது தவறா?

பட்டறை, நுவரெலியா

தவறில்லை, நல்ல தெரிவு. தீப்பந்தத்தின் செம்மஞ்சள் வெளிச்சம் முகத்திலிருந்து இருளுக்குள் இறங்கும் இடத்தில் 8 பிட் கோப்பு படிப்படியாகக் கோடு விழுந்து உடையும். 10 பிட்டில் அது வழுவழுப்பாக இறங்கும். ஏவிசி என்பது எச்.264 தான். ஆகவே உங்கள் முதன்மைக் கோப்புகளுக்கு இன்டெல்லின் சுற்று உதவாது. பழைய கமராவின் கோப்புகளை அது எளிதாக விரித்துவிடும்.

அந்தக் கை ஏன் உயர்ந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கோப்பில் ஒவ்வொரு சட்டகமும் முழுப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடையிடையே ஒரு முழுப்படமும், அதன் பின்னர் வருகிறவற்றுக்கு அயல் சட்டகங்களிலிருந்து மாறிய பகுதிகள் மாத்திரமும் எழுதப்படும். நீங்கள் நடுவில் ஓரிடத்தில் சுட்டியை வைத்தால், கணினி பின்னால் போய் முழுப்படத்தைத் தேடி, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு முன்னே வரவேண்டும். ஓசைக்கு இந்தப் பாடு இல்லை. அதனால்தான் தப்பு கேட்கிறது, கை வரவில்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை. 2025இல் வந்த இந்த வரிசையில்தான் அந்த நிறுவனம் 4:2:2 கோப்புகளை, எச்.264, எச்.265 இரண்டிலும், வன்பொருளில் விரிக்கும் வசதியைச் சேர்த்தது. கடைக்காரர் எழுதிய 4060 அதற்கு முந்திய வரிசை. அதில் இது இல்லை. இரண்டாவது, ப்ராக்சி எனப்படும் சிறிய பிரதிகளை உருவாக்கி அவற்றை வைத்துத் தொகுப்பது. இதற்குப் புது அட்டை கூட வேண்டாம், நேரமும் இடமும் வேண்டும். மூன்றாவது, இனி வரும் பதிவுகளைக் கமராவில் வேறு வகைக்கு மாற்றுவது. எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ என்ற வகையில் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனி முழுப்படமாக இருப்பதால் செயலிக்குப் பாரம் குறைவு. ஆனால் 25 சட்டகத்தில் 250 மெகாபிட் பிடிக்கும், அதாவது மணிக்கு 112 ஜிபிக்கு மேல். விடிய விடிய நடக்கும் கூத்துக்குக் கமராவின் நினைவக அட்டைகள் கட்டுப்படியாகா.

மூன்று ஆண்டுப் பதிவுகள் ஏற்கெனவே எச்.264 ஆக இருப்பதால், என் தெரிவு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு அட்டைகள் விற்கப்படுகின்றன. பெட்டியின் மேல் 16 என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். இரவுக் காட்சிகளில் புள்ளி இரைச்சலை நீக்கும்போது ரிசால்வ் பல சட்டகங்களை ஒன்றாக அட்டையின் நினைவகத்தில் வைத்து ஒப்பிடுகிறது. 4கே அளவில் 8 ஜிபி அட்டையில் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்போடு வேலை நிற்பதை என் பட்டறையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

தொகுப்பறை, கண்டி

திருத்தத்துக்கு நன்றி. என்னுடைய கமரா எச்.265 இல் எழுதுவதால் எல்லோருக்கும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிவிட்டேன். எஃப் இல்லாத செயலியை வாங்குங்கள் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இரண்டாவது கமராவுக்கு அது உதவும், கிராபிக்ஸ் அட்டை பழுதானால் திரையில் படம் வரவும் அது வேண்டும்.

இனி இடக்கணக்கு. 140 மெகாபிட் என்றால் நொடிக்கு 17.5 மெகாபைட், மணிக்கு 63 ஜிபி. ஆறு மணி நேரக் கூத்து ஒரு கமராவில் 378 ஜிபி. இரண்டாவது கமரா 100 மெகாபிட், மணிக்கு 45 ஜிபி. ஆறு மணி நேரத்துக்கு 270 ஜிபி. ஓர் இரவுக்கு ஏறத்தாழ 650 ஜிபி. கடைக்காரரின் 1 டெராபைட் எஸ்எஸ்டியில் விண்டோசையும் மென்பொருளையும் போட்டபின் ஒரு கூத்துக்கூட வசதியாக அடங்காது!

ஆகவே எஸ்எஸ்டி இரண்டு வாங்குங்கள். சிறியது ஒன்றில் இயங்குதளமும் மென்பொருளும். 2 டெராபைட் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒன்றில் நடப்பு வேலை. நொடிக்கு 7,000 மெகாபைட் என்று விளம்பரப்படுத்தப்படும் விலை கூடியவற்றைத் தேடவேண்டாம். உங்கள் இரண்டு கமராக் கோப்புகளும் சேர்ந்து நொடிக்கு 30 மெகாபைட் தான் கேட்கின்றன. பழைய ஆண்டுகளின் கோப்புகளைச் சாதாரண வன்தட்டில் வைக்கலாம். ஆனால் கியூஎல்சி என்ற மலிவு வகை எஸ்எஸ்டியை வேலைத் தட்டாகப் போடாதீர்கள். 600 ஜிபியை ஒரே மூச்சில் பிரதி செய்யும்போது அதன் வேகம் பாதியில் வீழ்ந்துவிடும்.

புது அட்டை இருந்தாலும் ப்ராக்சி செய்யுங்கள் என்றே சொல்வேன். புரோரெஸ் ப்ராக்சி 1080 அளவில் 25 சட்டகத்துக்கு 38 மெகாபிட், மணிக்கு ஏறத்தாழ 17 ஜிபி. இரவில் உருவாக்கும்படி விட்டுவிட்டுக் காலையில் வந்து தொகுக்கலாம். இரண்டு கமராக்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு வெட்டும்போது அந்த இலகு தனி இலகு.

மின்பணி, பண்டாரவளை

நான் மின்னியலாளர், கணினி பற்றி அதிகம் அறியேன். எனினும் இந்த விவாதத்தில் ஆறு இலட்சம் ரூபாப் பொருளை எந்தச் சுவரில் செருகப் போகிறீர்கள் என்பதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தப்பொலி, உங்கள் வீட்டில் புவித்தொடுப்பு (எர்த்) இருக்கிறதா? தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயங்களில் பல வீடுகளுக்கு இரண்டு கம்பிதான் உள்ளே வந்திருக்கிறது. மூன்று துளைச் செருகி பொருத்தப்பட்டிருக்கும், மூன்றாவது துளையில் எதுவும் இணைக்கப்பட்டிருக்காது. அறிகுறி ஒன்று சொல்கிறேன். கணினி இயங்கும்போது அதன் இரும்புக் கேசிங்கை விரலின் பின்புறத்தால் மெதுவாக உரசுங்கள். எறும்பு ஊர்வதுபோல் ஓர் அதிர்வு தெரிந்தால் புவித்தொடுப்பு இல்லை. பவர் சப்ளையின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் கேசிங்கோடு இணைக்கப்பட்டுள்ளன. மண்ணுக்குப் போக வழியில்லாதபோது 230 வோல்ட்டில் பாதியளவு அழுத்தம் கேசிங்கில் நிற்கும். அதன் மின்னோட்டம் மிகச் சிறிது என்றாலும், அந்த நிலையில் கமராவையோ மொனிட்டரையோ செருகினால் இணைப்பு முனைகள் கருகக் கூடும். என் சொந்த வீட்டிலேயே, புவிக்கம்பி அறுந்து கிடந்ததைக் கவனிக்காமல் விட்டு, மகளின் மடிக்கணினியின் எச்டிஎம்ஐ முனையை இழந்தேன். தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு புவிக்கம்பி ஒன்றை மண்ணில் இறக்கி, மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது யூபிஎஸ். பெட்டியின் மேல் விஏ என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்காமல், வாட் என்று சிறிதாக எழுதியிருப்பதைப் பாருங்கள். 1000 விஏ என்பது பல யூபிஎஸ்களில் 600 வாட் தான். மாலையில் எல்லா வீடுகளிலும் அடுப்பும் விளக்கும் எரியும் நேரத்தில், மின்கம்பிப் பாதையின் கடைசியில் இருக்கும் லயங்களுக்கு அழுத்தம் இறங்கி வரும். ஆகவே லைன் இன்டராக்டிவ் வகையை வாங்குங்கள்; அது பற்றரியைத் தொடாமலேயே குறைந்த அழுத்தத்தை ஓரளவு உயர்த்தித் தரும். முடிந்தால், சுவர் மின்சாரத்தைப் போல வழுவழுப்பான சைன் அலை தருவதையே வாங்குங்கள். மலிவானவை தரும் படிக்கட்டு அலையில் சில நல்ல பவர் சப்ளைகள், மின்சாரம் பற்றரிக்கு மாறும் கணத்தில் நின்றுவிடுவதுண்டு.

யூபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம் என்று நினைக்கவேண்டாம். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது; 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. அத்தகைய நாளில் யூபிஎஸ் தருவது சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கான சில நிமிடங்களைத்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கினால், யூபிஎஸ் இருந்தாலும் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இணையம் செப்புத் தொலைபேசிக் கம்பியில் வருகிறதென்றால் அதையும் கழற்றுங்கள்; மின்னல் அந்த வழியாகவும் வரும்.

தப்பொலி, ஹட்டன்

ஐயா, நீங்கள் சொன்ன அந்த எறும்பு ஊர்வது எங்கள் வீட்டில் இருக்கிறது. மடிக்கணினியின் இரும்பு விளிம்பில் அதைப் பல ஆண்டுகளாக உணர்ந்தும், இயல்பானது என்று நினைத்திருந்தேன். அந்த வேலையை முதலில் செய்விக்கிறேன். இன்னொரு கேள்வி: பாவித்த கிராபிக்ஸ் அட்டை ஒன்று, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, குறைந்த விலைக்கு வருகிறது. அதை எடுத்து மிஞ்சும் பணத்தை ரேமில் போடலாமா?

பழுதுப்பெட்டி, மஸ்கெலியா

எடுக்கவேண்டாம். 3060இல் 12 ஜிபி நினைவகம் இருப்பது நல்லதுதான்; ஆனால் உங்கள் 4:2:2 கோப்பை அது விரிக்காது. மேலும் அந்தத் தலைமுறை அட்டைகள் பல, கிரிப்டோ நாணயச் சுரங்க வேலையில் இரவு பகலாக ஓடியவை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கணினி வைக்கும் அறை விறகடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். இங்கே என்னிடம் வரும் கணினிகளில் தூசி பஞ்சுபோல் இருப்பதில்லை. புகையும் எண்ணெயும் சேர்ந்து, கறுப்பாக, விரலில் ஒட்டும் பசையாக விசிறிகளில் படிந்திருக்கும். ஊதினால் போகாது. முன்புறம் வலைவடிகட்டி கழற்றக்கூடிய கேசிங்கை வாங்கி, மாதம் ஒருமுறை வடிகட்டியைச் சவர்க்காரத்தில் கழுவி, நன்றாக உலர்த்திப் போடுங்கள்.

அண்ணாவி மகள், பதுளை

கூத்து ஆடிய குடும்பத்தில் பிறந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன், அண்ணா. அந்த மூன்று ஆண்டுப் பதிவுகளுக்கும் இப்போது எத்தனை பிரதிகள் இருக்கின்றன? அவை எங்கே இருக்கின்றன?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை வீடுகள் சரிந்தன! எங்கள் உறவினர் வீட்டில் உயிர்கள் தப்பின. அலுமாரியில் இருந்த கல்யாண அல்பங்களும், என் தாத்தா கட்டியம் சொல்லும் ஒலிநாடாவும் போய்விட்டன. அந்தக் குரல் இனி எங்கும் இல்லை.

ஆகவே, தயவுசெய்து, இந்த ஆறு இலட்சத்தில் இரண்டு வன்தட்டுகளுக்கான பணத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றது வேறொரு சரிவில், வேறொரு ஊரில், நம்பிக்கையானவர் வீட்டில் இருக்கட்டும். கணினியில் உள்ளதோடு சேர்த்து மூன்று பிரதிகள். ஈரக்காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். பதுளையில் வைப்பதற்கு எங்கள் வீடு இருக்கிறது.

தொகுப்பறை, கண்டி

தங்கை சொன்னதற்குப் பிறகு, ரேம் பற்றிய என் ஆலோசனையை மாற்றிக்கொள்கிறேன். 64 ஜிபி என்று சொல்ல நினைத்திருந்தேன். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியிருக்கிறது. இப்போதைக்கு டிடிஆர்5 32 ஜிபி, 16 ஆக இரண்டு துண்டுகள் போதும்; ப்ராக்சியோடு தொகுப்பவருக்கு அது தாங்கும். பிற்காலத்தில் கூட்டும்போது மேலும் இரண்டு துண்டுகளைச் சேர்க்காமல், பெரிய இரண்டாக மாற்றுங்கள். டிடிஆர்5 நான்கு துண்டுகளாக இருந்தால் வேகத்தைக் குறைத்தே ஓடும்.

மென்பொருளுக்கும் பணம் வையுங்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பு 3840×2160 அளவுவரை தாராளமாக வேலை செய்யும். ஆனால் இரைச்சல் நீக்கும் கருவி ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. 10 பிட் கமராக் கோப்புகளிலும் இலவசப் பதிப்புக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. ஸ்டூடியோ 295 டொலர். ஒரு முறை செலுத்தினால் போதும், மாதச் சந்தா இல்லை. தீப்பந்த இரவுகளைத் தொகுப்பவருக்கு அது செயலியை விட முக்கியம். தேவையானால் செயலியை ஒரு படி இறக்கி ஐ5-14500 எடுத்து, அந்த மிச்சத்தில் உரிமத்தை வாங்குங்கள். அதிலும் யூஎச்டி 770 உண்டு.

பட்டறை, நுவரெலியா

ஐ5-14500 பற்றி அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். விரிக்கும் வேலையும் வண்ண வேலையும் அட்டையில் நடக்கும்போது, அதன் 14 கருக்கள் போதுமானவை. யாராவது இந்த இழையைப் படித்துவிட்டு 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்குவதானால், அவற்றில் மின்னழுத்தம் மிகுந்து செயலி நிலைகுலையும் குறை இருந்ததையும், 2024 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டதையும் அறிந்திருங்கள். மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகே பாரமான வேலையைத் தொடங்குங்கள்.

பவர் சப்ளை 650 வாட், கோல்ட் தரம், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பது என்று அதன் ஒட்டுத்தாளில் இருக்கவேண்டும். கேசிங்கோடு இலவசமாக வருவதை ஏற்காதீர்கள். கொழும்பில் பொருத்தியும் கொண்டுவராதீர்கள். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வரை வளைவுகளில் பேருந்து ஏறும்போது, கனமான குளிரூட்டியும் கிராபிக்ஸ் அட்டையும் மதர்போர்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வரும். பெட்டிகளாகக் கொண்டுவாருங்கள்; ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஹட்டனுக்கு வந்து பொருத்தித் தருகிறேன்.

தப்பொலி, ஹட்டன்

ஆறு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். முதலில் புவிக்கம்பி இறக்கப்பட்டது. எறும்பு ஊர்வது நின்றுவிட்டது. பக்கத்து இரண்டு வீட்டாரும் தங்கள் வீடுகளுக்கும் செய்வித்துக்கொண்டார்கள்.

பொருட்களைக் கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன். ஐ5-14500, டிடிஆர்5 32 ஜிபி இரண்டு துண்டுகள், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ (பெட்டியில் 16 என்று இருப்பதை இரண்டு முறை பார்த்தேன்), 500 ஜிபி, 2 டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டிகள், 650 வாட் பவர் சப்ளை, வலைவடிகட்டியுள்ள விளக்கில்லாத கேசிங், 900 வாட் சைன் அலை யூபிஎஸ், 4 டெராபைட் வன்தட்டுகள் இரண்டு, ரிசால்வ் ஸ்டூடியோ உரிமம். புது மொனிட்டருக்குப் பணம் எஞ்சவில்லை. பழைய மொனிட்டரோடுதான் இவ்வாண்டு வேலை. யூபிஎஸ்ஸை மடியிலும் மற்றவற்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து சேர்ந்தேன்.

பட்டறை அண்ணன் சொன்னபடியே ஞாயிறு காலை வந்தார். இரண்டு மணிக்குள் பொருத்தி முடிந்தது. பயாஸ் புதுப்பித்து, ரேமின் வேகத்தை எக்ஸ்எம்பி என்ற பயாஸ் அமைப்பில் சரிசெய்து, மின்சாரம் போனால் என்ன நடக்கிறது என்று அறியச் சுவரின் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். திரை சிமிட்டக்கூட இல்லை.

பின்பு, சென்ற ஆண்டு மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கும் காட்சியை, ப்ராக்சி இல்லாமல், அசல் கோப்பாகவே ஓடவிட்டேன். அடியோடு ஓசை பொருந்தி வந்தது. தப்பு அடிக்கும் பெரியவரும் அன்று பார்க்க வந்திருந்தார். தன் கையைத் திரையில் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, மூன்றாவது சுற்றில் தாளம் ஓரிடத்தில் பிந்தியிருப்பதாகவும், அதை வெட்டாமல் அப்படியே விடும்படியும் சொன்னார்.

பதுளைத் தங்கைக்கு: இரண்டாவது வன்தட்டில் 2 டெராபைட்டுக்கு மேல் நிரப்பி, டப்பாவில் போட்டு ஒட்டியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன்.